எட்டு விளக்கும் எரிந்தன

சான் கிளெமென்தே
12 ஏப்ரல் 1997

அன்புத் தம்பி ரினோவுக்கு,

அண்ணன் எலிசியோ எழுதுகிறேன். நான், உன் அண்ணி ரெமி, குழந்தை அய்டா மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன் இருமல் நின்றதா? போன கடிதத்தில் மூன்று இடத்தில் இருமல் என்று எழுதியிருக்கிறாய். ரெமி நர்ஸ் அல்லவா, எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

ஒரு நல்ல செய்தி. எங்கள் மருத்துவமனையில் பிரசவத்துக்கென்று புதுக் கட்டடம் எழும்பியிருக்கிறது. தோட்டத்தின் மறுகோடியில், பழைய கட்டடத்திலிருந்து கிட்டத்தட்ட நூறு மீட்டர் தள்ளி. தலைமை நர்ஸ் ரெமிதான். அங்கே தொலைபேசியும் ஒரு கணினியும் வைக்கக் கேபிள் இழுக்க வேண்டும். மருத்துவமனையில் விளக்கும் குழாயும் பார்த்துக்கொள்ள நான் இருக்கும்போதே நிர்வாகி மணிலாவிலிருந்து ஆள் கூப்பிட இருந்தார். நான்தான் போய் நின்று, "பதினோரு வருஷம் தொலைபேசிக் கம்பத்துல ஏறி இறங்கினவன் சார், இதை நானே செய்றேன்" என்றேன். வீட்டுக்கு வந்து சொன்னால் ரெமி சிரிக்கிறாள். "கம்பத்துல ஏறுன ஆளு இப்ப கம்ப்யூட்டருக்கும் கம்பி இழுக்கப் போறீங்களாக்கும். எங்க வார்டுல கரண்ட் அடிச்சு யாராவது விழுந்தா நான்தான் ஊசி போடணும்!"

இழுத்த கேபிளைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஒரு டெஸ்டர் வேண்டும். நீ மணிலாவில் கட்டடம் கட்டடமாகக் கேபிள் இழுப்பவன், உனக்கு நான் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் என் மனத்தில் இருப்பதை எழுதிவிடுகிறேன். கண்ட இடத்தில் விற்கும் மலிவுச் சாமான் வேண்டாம். அது எட்டுக் கம்பியும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். கேபிளுக்குள் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கின்றன. ஒரு பேச்சு ஒரு ஜோடிக்குள் போக வேண்டும். ஒரு ஜோடியில் ஒன்றும் இன்னொரு ஜோடியில் ஒன்றுமாக எடுத்துக் கோத்துவிட்டால், ஒரு பேச்சு இன்னொன்றில் கலக்கும். ஆனாலும் மலிவு டெஸ்டரில் எல்லா விளக்கும் எரியும். கல்யாண வீட்டில் தலை எண்ணுகிற மாதிரி. நாலு பேர் வந்தாச்சா, வந்தாச்சு. யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார் என்று அது பார்க்காது. ஜோடி மாறினால் காட்டுவதற்கென்று தனி விளக்கு வைத்த டெஸ்டர் இருக்கிறதாமே, அதுதான் வேண்டும். தொலைபேசியின் சின்ன பிளக்குக்குத் தனித் துளை இருக்க வேண்டும். காகிதத்தில் அச்சடித்துத் தரும் பெரிய கருவியெல்லாம் நமக்கு எதற்கு.

விலையை எழுது, பணத்தை அனுப்பிவிடுகிறேன். ஜூன் 24, சான் ஹுவான் திருநாளன்று ஆளுநர் திறந்து வைக்கிறார். அதற்குள் முடிய வேண்டும்.

அய்டா உனக்கு ஒரு முத்தம் வைக்கச் சொன்னாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரத்தில் வட்டம் போட்டிருக்கிறாள்.

உன் அண்ணன்,
எலிசியோ


மணிலா
2 மே 1997

அண்ணனுக்கு,

இருமல் போய்விட்டது என்று அண்ணியிடம் சொல். அய்டாவின் வட்டம் பத்திரமாக வந்து சேர்ந்தது.

விலை என்றெல்லாம் பேசாதே. இது என் பரிசு. நீ கம்பத்தில் ஏறிச் சம்பாதித்துத்தானே என்னைப் படிக்க வைத்தாய், நான் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை, மின்சாமான் கடைகள் இருக்கும் ராவோன் தெருவுக்குப் போனேன். நல்ல மழை, முழங்கால் வரை தண்ணீர். கடைக்காரனிடம் நீ எழுதியதை அப்படியே சொன்னேன். "ஊருக்கா அனுப்புறீங்க? இதைவிட நல்லது இந்தத் தெருவுலயே கிடையாது. போன வாரம்கூட ஒரு பேங்க்குக்கு ஆறு எடுத்துட்டுப் போனாங்க" என்றான். நீ கேட்ட மாதிரியேதான். பத்தாங்காஸ் துறைமுகத்திலிருந்து ஊருக்கு வரும் கப்பலில் நம் தெரு நெனோங் வருகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் கம்பெனி அணி கூடைப்பந்தில் அரையிறுதிக்கு வந்துவிட்டது. அதனால் மூச்சு விட நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். ஏணியில் ஏறும்போது செருப்பைக் கழற்று.

தம்பி,
ரினோ


சான் கிளெமென்தே
19 மே 1997

அன்புள்ள ரினோ,

நீ நலமாக இருப்பாய், அரையிறுதியிலும் ஜெயித்திருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே அய்டாவுக்கு மட்டும் கொஞ்சம் காய்ச்சல், தணிந்துவிட்டது.

டெஸ்டர் வந்தது. ரெமி அதை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒன்று முதல் எட்டு வரை பச்சை விளக்குகள் வரிசையாக ஓடுவதைப் பார்த்து அய்டா கை தட்டினாள்.

ஒரு சந்தேகம். ஜோடி மாறினால் எரியும் தனி விளக்கைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், காணவில்லை. பெட்டிக்குள் விவரக் காகிதமும் இல்லை. நெனோங் வழியில் தொலைத்திருப்பானோ? ஒரு வரி எழுது.

வேலை பாதி முடிந்தது. ஒரே கேபிளில் இரண்டு தொலைபேசி இணைப்பு வைக்கிறேன். ஒன்று பிரசவ வார்டிலிருந்து டாக்டர் பெனாவெந்தேயின் குடியிருப்புக்கு. இன்னொன்று ஸ்டோர் அறைக்கு. கம்பிகளைச் செருகிப் பிளக்குகளை நானே அழுத்துகிறேன். ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று இரண்டிரண்டாக வரிசையாக அடுக்கி வைக்கிறேன். பார்க்க அவ்வளவு ஒழுங்கு. நிர்வாகி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, பூத்தையல் மாதிரி இருக்கு" என்றார்.

பதிலை எதிர்பார்க்கும்,
எலிசியோ


மணிலா
20 ஜூன் 1997

அண்ணா,

கடிதம் தாமதமானதற்குக் கோபிக்காதே. அய்டாவின் காய்ச்சல் எப்படி இருக்கிறது?

டெஸ்டர் புது மாடல். தனி விளக்கெல்லாம் பழசில்தான் இருந்தது. இதில் அதுவே உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும். ஜோடி சரியில்லை என்றால் எட்டு விளக்கும் எரியாது. எட்டும் எரிந்தால் எல்லாம் சரி. நீ கவலைப்படாமல் வேலையை முடி.

அரையிறுதியில் தோற்றுவிட்டோம்.

ரினோ


சான் கிளெமென்தே
1 ஜூலை 1997

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று திருநாளன்று உன் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம்.

திறப்பு விழா முடிந்தது. உன் கடிதம் சரியாக முந்தின நாள் வந்தது, அதனால் எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. நிர்வாகி ஒரு சான்றிதழ் எழுதித் தரச் சொன்னார். "கம்பி ஜோடிகள் மாறியிருந்தால் காட்டக்கூடிய கருவியால் சோதித்தேன், எல்லா இணைப்பும் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதைக் கண்ணாடி போட்டு அலுவலகச் சுவரில் மாட்டிவிட்டார்கள். உன் அண்ணன் பெயர் சுவரில் ஏறியது இதுதான் முதல் தடவை.

முதல் போன் ரெமிதான் பேசினாள். ஆளுநர், டாக்டர் எல்லாரும் சுற்றி நிற்க, "ஹலோ" என்று சொல்லிவிட்டு மேலே என்ன பேசுவதென்று தெரியாமல், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஊரே சிரித்தது.

ஒன்றே ஒன்று. சில நேரம் டாக்டர் வீட்டுக்குப் பேசும்போது வேறு யாரோ பேசுவது கேட்கிறதாம். ரெமி கிண்டல் பண்ணுகிறாள். "உங்க போன்ல பேய் குடியிருக்கு. நேத்து அது ஸ்டோர்காரர் மனோலோ குரல்ல யாரையோ திட்டுச்சு." மழைக்கால ஈரம் என்று நினைக்கிறேன். கேபிளில் தப்பு இருந்தால் டெஸ்டர் காட்டியிருக்கும் அல்லவா? நீ என்ன நினைக்கிறாய், எழுது.

என்றும் அன்புடன்,
எலிசியோ


சான் கிளெமென்தே
3 செப்டம்பர் 1997

ரினோ,

ஜூலையில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. இங்கே நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

போன மாதம் 26, செவ்வாய்க்கிழமை மதியம், பிரசவ வார்டில் எஸ்தெலா என்ற பெண் இறந்துவிட்டாள். பத்தொன்பது வயது. புருஷன் மீன் பிடிக்கிறவன். குழந்தை பிழைத்துக்கொண்டது. பிள்ளை பிறந்த பிறகு ரத்தம் நிற்கவில்லை. வார்டில் ரெமி ஒருத்திதான். பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்தி வலியில் இருந்தாள். மூன்று மணிக்கு ரெமி டாக்டருக்குப் போன் செய்திருக்கிறாள். யாரோ எடுத்தார்கள். "டாக்டர், ரத்தம் நிக்கல, உடனே வாங்க" என்று இவள் சொல்ல, இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல், "இப்ப ஒண்ணும் அவசரமில்ல. அஞ்சு மணிக்கு மேல பார்த்துக்கலாம்" என்றது. டாக்டர் சொல்லிவிட்டார் என்று இவள் போனை வைத்துவிட்டு, தெரிந்த ஊசியெல்லாம் போட்டு, வயிற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தாள். நாலரைக்கு மனம் கேட்காமல் மழையில் ஓடிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.

டாக்டர் வீட்டில் போனை எடுத்தது வேலைக்காரப் பெண். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பப் போயிருக்கிறாள். அவர் வந்து எடுத்தபோது இணைப்பு அறுந்திருந்தது. "நான் அவளோட ஒரு வார்த்தைகூடப் பேசல" என்கிறார் டாக்டர்.

விசாரணை வைக்கிறார்கள். திங்கட்கிழமை டெஸ்டரை வாங்கிப் போய் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

ரினோ, அந்த டெஸ்டர் ஜோடி மாறியதைக் காட்டும்தானே? அதை மட்டும் எழுது.

எலிசியோ


மணிலா
29 செப்டம்பர் 1997

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் இருவருக்கும் மனத்தில் தெம்பு வர வேண்டும் என்று கியாப்போ கோயிலில் வெள்ளிக்கிழமை முழங்காலில் நடந்தேன். அய்டாவுக்கு ஒரு டப்பா பிஸ்கட்டும், பள்ளிக்கூடத்துக்கு இரண்டு ஜோடி வெள்ளைக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன். அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அண்ணியின் மேல் எந்தத் தப்பும் இருக்காது. எல்லாருக்கும் தெரியும். விசாரணை என்றால் கேட்பார்கள், எழுதுவார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். எங்கள் கட்டடத்தில்கூட ஒரு தடவை லிஃப்ட் விழுந்து விசாரணை நடந்தது. ஒன்றும் ஆகவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அண்ணியைத் தனியாக விடாதே.

ரினோ


சான் கிளெமென்தே
11 அக்டோபர் 1997

தம்பி,

பிஸ்கட் வந்தது. காலுறை ஒரு விரல் பெரிது, வளர்கிற பிள்ளைதானே. உனக்கு நல்ல ஆரோக்கியத்தை ஆண்டவர் தரட்டும்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. ஏன் கேட்கிறேன் என்று உனக்குப் புரியவில்லையோ என்னவோ, விளக்கமாக எழுதுகிறேன்.

முதல் விசாரணை நடந்துவிட்டது. மாகாணத்திலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். ரெமி நடந்ததைச் சொன்னாள். போனில் சில சமயம் ஸ்டோர் அறைப் பேச்சு கலந்து கேட்கும் என்றும் சொன்னாள். மனோலோவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன், "அன்னிக்கு மத்தியானம் நான் போன்ல பேசவே இல்லீங்க" என்றான். அன்று மூன்று மணிக்கு டீசல்காரனோடு அவன் போனில் பேசிக்கொண்டிருந்ததைக் காவலாளி பார்த்திருக்கிறான். என்னிடம் சொன்னவன் அங்கே வந்து சொல்லவில்லை.

பிறகு சுவரில் இருந்த சான்றிதழைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்கள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா சார்."

"ஜோடி மாறினா காட்டுற கருவியால சோதிச்சேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் ரெண்டு பேச்சு எப்படிய்யா கலக்கும்? உங்க கருவி பொய் சொல்லுதா, இல்ல உங்க சம்சாரம் பொய் சொல்றாங்களா?"

நான் குனிந்து சான்றிதழில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன். ரெமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேபிளைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால் அதுவும் இல்லை. வெளியூர் ஒப்பந்தக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக இழுத்துவிட்டார்கள். பழையதை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே உன் ஒரு கடிதம்தான் பாக்கி. அது எந்த டெஸ்டர், அது ஜோடி மாறியதைக் காட்டுமா, காட்டாதா? வாங்கியவன் நீ, தொழில் தெரிந்தவன் நீ. உன் கம்பெனித் தாளில் எழுதி, மேஸ்திரியிடமும் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பு. நவம்பர் 5-ஆம் தேதி கடைசி விசாரணை. அதற்கு முன் வந்துசேர வேண்டும். காட்டாது என்று எழுத வேண்டியிருந்தாலும் எழுது ரினோ. நான் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டேன்.

அண்ணன்


மணிலா
20 நவம்பர் 1997

அண்ணா,

எல்லாரும் நலம்தானே. கம்பெனி என்னை ஐந்து வாரம் வெளியூர் வேலைக்குச் சூபிக் அனுப்பிவிட்டது. உன் கடிதம் அறையில் கிடந்ததை நேற்றுத்தான் பார்த்தேன். டெஸ்டரின் பெட்டியை அப்போதே எறிந்துவிட்டேன், மாடல் எண் ஞாபகமில்லை. கடைக்காரனைத் தேடிப் போனேன், அவன் அங்கே இல்லை. தேதியும் தாண்டிவிட்டதே. என்ன ஆயிற்று என்று எழுது.

ரினோ


சான் கிளெமென்தே
2 டிசம்பர் 1997

ரினோவுக்கு,

ரெமியின் நர்ஸ் உரிமத்தை எடுத்துவிட்டார்கள். டாக்டர் சொல்லாததைச் சொன்னதாகப் பொய் சொன்னாள் என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள்.

அவள் அழவில்லை. வெள்ளைச் சீருடை மூன்றையும் துவைத்து, இஸ்திரி போட்டு, மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். என் வேலை அப்படியே இருக்கிறது. தினமும் போய் வருகிறேன்.

அய்டா நன்றாகப் படிக்கிறாள். நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

எலிசியோ


மணிலா
18 ஜனவரி 1998

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழிக்கிறேன். இதையும் கிழிப்பதற்குள் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

அந்த டெஸ்டர் நீ கேட்டது இல்லை. மலிவுச் சாமான். எட்டுக் கம்பியையும் எண்ணும், அவ்வளவுதான். ஜோடியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நீ கேட்ட டெஸ்டர் விற்கிற கடை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியே அங்கேதான் வாங்குகிறது. அன்று மழை. சாயங்காலம் ஆட்டம் வேறு இருந்தது. அந்தக் கடை வரைக்கும் நான் போகவே இல்லை. நான் வந்த ஜீப்னி வண்டி நின்ற இடத்தில் நடைபாதையில் ஒருத்தன் பிளாஸ்டிக் விரித்து விற்றுக்கொண்டிருந்தான். குடையைக்கூட மடக்காமல் வாங்கினேன். பேங்க்குக்கு ஆறு எடுத்தார்கள் என்று எழுதினேனே, அப்படி எவனும் சொல்லவில்லை. நானே எழுதியதுதான்.

தனி விளக்கு எங்கே என்று நீ கேட்டபோதாவது சொல்லியிருக்கலாம். உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும் என்று இன்னொரு பொய் எழுதினேன். இதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. இரண்டிரண்டாக வரிசையாக அடுக்கினேன், பார்க்க ஒழுங்காக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அப்படி அடுக்கக் கூடாது அண்ணா. நடுவில் ஒரு ஜோடி, அதற்கு இரண்டு பக்கமும் பிரிந்து நின்று அணைத்த மாதிரி இன்னொரு ஜோடி வர வேண்டும். இரண்டு தொலைபேசியும் அந்த நாலு கம்பியில்தான் போகின்றன. நீ வைத்த வரிசையில் டாக்டர் போனும் ஸ்டோர் போனும் பச்சை ஜோடியில் ஒரு கம்பியும் நீல ஜோடியில் ஒரு கம்பியுமாக எடுத்துக்கொண்டன, அதனால்தான் பேச்சு கலந்தது. படித்த உடனேயே எனக்குத் தெரிந்தது. சொன்னால் டெஸ்டர் அதை ஏன் காட்டவில்லை என்று நீ கேட்பாய். அதனால் சொல்லவில்லை. பேய் பேசுகிறது என்று எழுதினாயே, அப்போதும் தெரிந்தது.

சூபிக்குக்கு நான் போனது நான்கு நாள். உன் கடிதம் நவம்பர் 5-க்குப் பதினைந்து நாள் முன்பே என் கையில் இருந்தது.

இதோடு ஒரு வாக்குமூலம் வைத்திருக்கிறேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டது. மேஸ்திரியும் போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது என்னோடு பேசுவதில்லை. எங்கே கொடுக்க வேண்டுமோ கொடு. நேரில் வரச் சொன்னால் வருகிறேன். என்ன தண்டனை என்றாலும் சரி. அண்ணியின் காலில் விழுந்து கேட்கிறேன் என்று சொல்.

எல்லாம் நான் ஒருத்தன் செய்தது.

ரினோ


கலபான்
22 பிப்ரவரி 1998

தம்பி ரினோவுக்கு,

அண்ணி ரெமி எழுதுகிறேன். நானும் அய்டாவும் என் அக்காள் வீட்டில் நலமாக இருக்கிறோம். நீங்களும் நலமாக இருங்கள், மனமாரத்தான் சொல்கிறேன்.

உங்கள் கடிதம் ஜனவரி கடைசியில் வந்திருக்கிறது. உங்கள் அண்ணன் என்னிடம் கொடுக்கவில்லை. சென்ற வாரம் அவருடைய கருவிப் பெட்டியில் கத்தரி தேடியபோது என் கைக்குக் கிடைத்தது. வாக்குமூலமும் கூடவே இருந்தது, மடிப்புக் கலையாமல். மேல்முறையீட்டு நாள் ஜனவரி முதல் வாரத்திலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மாகாண அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் முழுவதும் படித்தாள். "அம்மா, இது அப்பவே வந்திருக்கணும். இப்ப இதை எந்தக் கோப்புல வைக்கிறதுன்னே எனக்குத் தெரியலையே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். பாவம், நல்ல பெண். எனக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

நீங்கள் செய்தது தப்புத்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் நான் ஒருத்தன் செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் சுமக்க வேண்டாம். உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது.

டெஸ்டரை அவர்கள் வாங்கிப் போனது திங்கட்கிழமை. அதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும், அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கை நீளக் கேபிளை வெட்டினார். ஜோடி மாறுவது எப்படி என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அதைத்தானே எழுதினார். வேண்டுமென்றே மாற்றிக் கோத்து, பிளக் அழுத்தி, டெஸ்டரில் செருகினார். நான் அடுப்பருகில் சோற்றுப் பானையோடு நின்றிருந்தேன். ஒன்று, இரண்டு என்று எட்டு விளக்கும் எரிந்தன. திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அந்தத் தொழில் தெரியாது. ஆனால் அவர் முகம் தெரியும். அந்த டெஸ்டர் எதையும் காட்டாது என்று அந்த நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது.

கேபிளைப் பிடுங்கி, துண்டு துண்டாக நறுக்கி, மீன் முள்ளோடு சேர்த்துக் குப்பையில் போட்டார். கை கழுவினார். "சோறு ஆச்சா?" என்றார். "ஆச்சு" என்றேன். பரிமாறினேன்.

விசாரணையில் சொல்வார் என்று நினைத்தேன். தலைவர் அவரைக் கேட்டபோது நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் சான்றிதழ் பொய்யாகும். கையெழுத்து அவருடையது. அதனால்தான் உங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். உண்மை உங்கள் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். நீங்கள் எழுதவில்லை. அவரும் சொல்லவில்லை. அவர் சொல்லட்டும் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். புருஷனைக் காட்டிக் கொடுத்துத் தப்பித்தவள் என்று ஆவதைவிடப் பொய் சொன்னவள் என்று ஆவது மேல் என்று அப்போது தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

எஸ்தெலாவின் புருஷன் சந்தையில் என்னைக் கண்டால் திட்டுவதில்லை. தோளில் இருக்கும் குழந்தையின் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறான். அதைப் பார்த்துக்கொண்டு அந்த ஊரில் இருக்க முடியவில்லை. வந்துவிட்டேன். இங்கே அக்காள் மீன் உலர்த்துகிறாள். நானும் அவளோடு உட்காருகிறேன். கைக்கு வேலை இருந்தால் போதும்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. எனக்கு இனி எழுத வேண்டாம், படிக்கத் தெம்பு இல்லை. அவருக்கு எழுதுங்கள். அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். கட்டாயம் பதில் போடுவார். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் கேட்பார்.

ரெமி